டவர் மேல் மட்டும் பழி போடாதீர்கள்

தேனி மாவட்டம் மயிலாடும்பாறையில் செல்போனில் ஒரு பக்கம் திறக்காவிட்டால் பழி இரண்டு பேர் மேல்தான் விழும். ஒன்று, "டவர் இல்ல." மற்றது, "சர்வர் பிசி." இரண்டும் பல நேரம் உண்மைதான். ஒரு பக்கம் வருசநாட்டு மலை, மறுபக்கம் ஆண்டிபட்டி மலை. நடுவே மூல வைகைக் கரையோரம் கிடக்கும் ஊர்களில் ஒரு தெருவில் இருக்கும் சிக்னல் அடுத்த தெருவில் இருக்காது. விண்ணப்பத்துக்குக் கடைசி நாள் என்றால் எந்த சர்வரும் திணறும். ஆனால் மூன்றாவதாக ஒரு ஆள் இருக்கிறார். அவர் பெயரை யாரும் சொல்வதில்லை. டவரும் சரியாக இருந்து, சர்வரும் சும்மா இருக்கும் நேரத்தில்கூட அந்த வட்டம் சுத்திக்கொண்டே இருந்தால், பெரும்பாலும் அவர்தான் காரணம். அவர் அந்த போனுக்குள்ளேயே ஓடிக்கொண்டிருக்கும் ஜாவாஸ்கிரிப்ட் நிரல்.

கல்லூரிகள் திறக்கும் பருவத்தில் ஒரு கம்ப்யூட்டர் சென்டரில் பார்த்த காட்சி இது. உதவித்தொகைக்கு விண்ணப்பிக்க வந்த பையன், கூட்டமாக இருந்ததால் தன் போனிலேயே போட்டுக்கொண்டிருந்தான். மேலே நாலு கோடு சிக்னல். பக்கம் வந்துவிட்டது. பெயர், பிறந்த தேதி, கீழே பச்சைப் பொத்தான் எல்லாம் பளிச்சென்று தெரிகிறது. பொத்தானை அமுக்கினான். ஒன்றும் நடக்கவில்லை. மறுபடி அமுக்கினான். "தம்பி, சும்மா சும்மா அமுக்காத. ரெண்டு தடவ போயிரும், அப்புறம் கேன்சல் பண்ண நான்தான் அல்லாடணும்" என்றார் கடை அக்கா. "போகவே இல்லக்கா, படம் மாதிரி நிக்கிது" என்றான் அவன். கொஞ்ச நேரத்தில் எல்லாம் ஒரே மூச்சில் நடந்தது. அவன் அமுக்கிய அத்தனை அமுக்கலும் வரிசையாக வேலை செய்தன.

"படம் மாதிரி நிக்கிது" என்று அவன் சொன்னது தொழில்நுட்பப்படி மிகச் சரியான விளக்கம். அந்த நேரத்தில் அது படம்தான். பொத்தானின் உருவம் வந்து சேர்ந்திருந்தது. அமுக்கினால் என்ன செய்ய வேண்டும் என்கிற நிரல் அதற்குள் உயிர் பெறவில்லை.

ஏன் அப்படி என்று பார்க்க, பக்கம் வந்து சேரும் வழியைக் கொஞ்சம் விவரமாகச் சொல்ல வேண்டும். முகவரியைத் தட்டியதும் போன் முதலில் அந்தப் பெயருக்குரிய எண்ணைக் கேட்டு வாங்குகிறது. பிறகு சர்வரோடு ஒரு கைகுலுக்கல். பிறகு பூட்டு சாவி பரிமாற்றம். 2018-ல் வந்த டிஎல்எஸ் 1.3 என்ற நெறிமுறை இதை ஒரே சுற்றில் முடிக்கிறது, அதற்கு முந்தைய பதிப்புக்கு இரண்டு சுற்று வேண்டும். அப்புறம்தான் "பக்கத்தைக் கொடு" என்று கேட்கவே முடியும். ஒவ்வொரு சுற்றும் போய்வரும் நேரத்தைத் தின்கிறது. கண்ணாடி இழையில் ஒளி நொடிக்குச் சுமார் 2 லட்சம் கிலோமீட்டர் போகும். சர்வர் சென்னையில் இருந்தால் தேனி மாவட்டத்திலிருந்து போய்வர இழையில் செலவாவது ஐந்தாறு மில்லிநொடி. அமெரிக்கக் கிழக்குக் கரையில் இருந்தால், கடலடிக் கேபிள் வளைந்து நெளிந்து போகும் வழியையும் சேர்த்து 200 மில்லிநொடியைத் தாண்டும். எந்தப் பொறியாளராலும் இதைக் குறைக்க முடியாது. முடிந்தது ஒன்றுதான்: பக்கத்தின் நகலை முன்கூட்டியே சென்னையிலோ மும்பையிலோ கொண்டுவந்து வைப்பது. சிடிஎன் என்று சொல்லும் ஏற்பாடு அதற்குத்தான்.

இன்னொரு சங்கதி. பேச்சு தொடங்கியதும் சர்வர் முழுப் பக்கத்தையும் கொட்டிவிடாது. வழி எவ்வளவு தாங்கும் என்று தெரியாததால் முதல் தவணையில் பத்துப் பொட்டலம், அதாவது சுமார் 14 கேபி மட்டும் அனுப்பும். அது சேர்ந்த செய்தி வந்தபின் அடுத்த தவணை இரட்டிப்பாகும். ஆக, முதல் 14 கேபிக்குள் பக்கத்தின் தலையாய பகுதி இருந்துவிட்டால் வாசகருக்குச் சட்டென்று ஏதாவது கண்ணில் படும். உலகின் நடுத்தர இணையப் பக்கத்தின் எடையோ இன்று செல்போனில் 2 எம்பிக்கு மேல். அதில் ஜாவாஸ்கிரிப்ட் மட்டும் 500 கேபியைத் தாண்டுகிறது, அதுவும் சுருக்கிக் கட்டிய நிலையில்.

அதே எடையுள்ள ஒரு புகைப்படத்தையும் ஜாவாஸ்கிரிப்டையும் ஒன்றாக நினைத்துவிடக் கூடாது. புகைப்படம் வந்தால் விரித்துத் திரையில் வைத்தால் தீர்ந்தது. ஜாவாஸ்கிரிப்டை விரித்து, வரி வரியாகப் படித்து, இயந்திரம் புரிந்துகொள்ளும்படி மாற்றி, ஓட்டிப் பார்க்க வேண்டும். இதில் பெரும்பகுதியைச் செய்வது பிரவுசரின் ஒரே ஒரு முதன்மை இழை. திரையில் வரைவது, விரலின் தொடுகையைக் கவனிப்பது, ஜாவாஸ்கிரிப்டை ஓட்டுவது மூன்றும் அதன் தலையில்தான். நிரல் ஓடிக்கொண்டிருக்கும்போது விரல் பட்டால், அந்தத் தொடுகை வரிசையில் நிற்கும். ஒரே வேலை 50 மில்லிநொடிக்கு மேல் இழுத்தால் அதை 'நீண்ட வேலை' என்று குரோம் கணக்கு வைக்கிறது. நல்ல மடிக்கணினியில் அரை நொடியில் முடிகிற வேலை, விலை குறைந்த போனில் மூன்று நான்கு நொடி ஆவது சாதாரணம். பையனின் அமுக்கல்கள் அந்த வரிசையில் நின்றுதான் கடைசியில் மொத்தமாகப் போயின.

ஒரு காலத்தில் இந்த வேலை போன் தலையில் இல்லை. 2010-ஐ ஒட்டிய ஆண்டுகளில் நோக்கியா போனில் தமிழ் படித்தவர்கள் ஓபெரா மினியை மறந்திருக்க மாட்டார்கள். அந்த போன்கள் பலவற்றில் தமிழ் எழுத்துரு கிடையாது. திறந்தால் கட்டம் கட்டமாகத் தெரியும். ஓபெரா மினியின் உள் அமைப்புப் பக்கத்துக்குப் போய், சிக்கலான எழுத்துகளுக்கு பிட்மேப் எழுத்துருவைப் பயன்படுத்து என்ற வரியில் ஆம் என்று போட்டால் தமிழ் வந்துவிடும். இந்த வித்தையை ஒருவருக்கொருவர் சொல்லிக்கொடுத்தே ஒரு தலைமுறை கைப்பேசியில் தமிழ் வாசித்தது. நடந்தது என்னவென்றால், ஓபெராவின் சர்வர் பக்கத்தைத் தானே திறந்து, அடுக்கி, சுருக்கி, தமிழ் எழுத்துகளைப் படங்களாக்கி அனுப்பியது. போனுக்குக் காட்டுவது மட்டுமே வேலை.

பிறகு போன்கள் வலுவடைந்தன. அதற்கு முன்பே, 2008 செப்டம்பரில், குரோம் வந்திருந்தது. மதுரையில் பிறந்த சுந்தர் பிச்சை அந்தத் திட்டத்தின் பொறுப்பில் இருந்தவர். அதன் வி8 எந்திரம் ஜாவாஸ்கிரிப்டைப் பல மடங்கு வேகமாக ஓட்டியது. வேகமாக ஓடுகிறதே என்று எல்லோரும் அதன் மேல் இன்னும் இன்னும் ஏற்றினார்கள். 1995-ல் பிரெண்டன் ஐக் பத்து நாளில் முதல் வடிவம் கொடுத்த மொழி, படிவத்தில் பிழை பார்க்கும் சில்லறை வேலையிலிருந்து முழுப் பக்கத்தையும் போனிலேயே கட்டி எழுப்பும் வேலைக்கு உயர்ந்தது. 2013-ல் ஃபேஸ்புக் வெளியிட்ட ரியாக்ட் நூலகம் இந்த முறையைப் பரவலாக்கியது. முறுக்கு கேட்டவருக்கு மாவு, எண்ணெய், அடுப்பு, செய்முறைத் தாள் எல்லாம் பார்சலில் அனுப்பி, சுட்டுக்கொள்ளுங்கள் என்று சொல்வது போன்ற முறை இது. வெறும் வெள்ளைத் திரை நெடுநேரம் நிற்கிறது என்று புகார் வந்ததும், சர்வரிலேயே பக்கத்தைத் தயாரித்து அனுப்பும் பழைய வழிக்குத் திரும்பினார்கள். ஆனால் முழுதாகத் திரும்பவில்லை. சுட்ட முறுக்கும் வரும், கூடவே மாவும் அடுப்பும் வரும். அடுப்பைப் பொருத்தி முடிக்கும்வரை முறுக்கைத் தொடக் கூடாது. ஹைட்ரேஷன் என்று தொழிலில் சொல்வது இதைத்தான். பச்சைப் பொத்தான் படமாக நின்றதன் கதை அங்கேதான் இருக்கிறது.

நிரல் எழுதுகிறவர்கள் பக்கமும் பார்க்க வேண்டும், அவர்கள் யாரும் வேண்டுமென்றே கனமாக எழுதுவதில்லை. தேனியிலும் மதுரையிலும் பொறியியல் படித்துவிட்டுப் பெங்களூருக்குப் போகும் ஒரு பெண் முதல் நாள் வேலையில் என்ன செய்கிறாள்? பிறர் எழுதிய நிரல் பொதிகளை இறக்கும் என்பிஎம் கட்டளை ஒன்றைத் தட்டுகிறாள். அவள் பெயர்கூடக் கேள்விப்படாத நூற்றுக்கணக்கான பொதிகள் வந்து கணினியில் இறங்குகின்றன. என்பிஎம் களஞ்சியத்தில் இருப்பவை 20 லட்சத்துக்கும் மேல். ஒன்றை வாங்கினால் அது சார்ந்திருக்கும் பத்து, அந்தப் பத்து சார்ந்திருக்கும் ஐம்பது. 2016 மார்ச்சில் லெஃப்ட்-பேட் என்ற பதினொரு வரி நிரலை அதை எழுதியவர் களஞ்சியத்திலிருந்து எடுத்துவிட்டார். ஒரு சொல்லின் இடப்பக்கம் வெற்றிடம் சேர்ப்பது மட்டும்தான் அதன் வேலை. அதை நம்பியிருந்த உலகத் திட்டங்கள் கட்டப்பட முடியாமல் நின்றன. 2025 செப்டம்பரில் வேறு விதமான அடி. போலி மின்னஞ்சலில் ஒரு பராமரிப்பாளர் ஏமாற, சாக், டிபக் முதலிய மிகப் பரவலான பொதிகளுக்குள் சில மணி நேரம் திருட்டு நிரல் குடியேறியது.

பொதிகள் கனமானவையாகவும் இருக்கலாம். "இரண்டு நாளுக்கு முன்" என்று ஒரு வரி காட்ட, மொமென்ட் என்ற நூலகத்தை நெடுங்காலம் எல்லோரும் இழுத்துக்கொண்டிருந்தார்கள். நிரல்களைத் தொகுக்கும் வெப்பேக் கருவி வழக்கமான அமைப்பில் அதைக் கட்டும்போது அதிலுள்ள அத்தனை மொழிகளின் மாதப் பெயர்களும் சேர்ந்து வந்துவிடும். தேதியைத் தமிழில் காட்டும் வசதி இன்று பிரவுசருக்குள்ளேயே இருக்கிறது. ஒரு கேபி கூட இறக்க வேண்டாம். மொமென்டைப் பராமரிப்பவர்களே 2020-ல், புதுத் திட்டங்களுக்கு இதை எடுக்காதீர்கள் என்று சொல்லிவிட்டார்கள். பழைய திட்டங்களில் அது இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரர் 11 ஓய்வு பெற்றது 2022 ஜூனில். அதற்காகச் சேர்த்த ஒட்டுப்போடும் நிரல்களைச் சுமக்கும் தளங்களும் இருக்கின்றன. அந்தப் பிரவுசரைக் கண்ணால் கண்டிராத போனும் அந்தச் சுமையை இறக்கிப் படித்துத் தீர வேண்டியிருக்கிறது.

கருவிகள் மேம்படவில்லையா என்றால், அபாரமாக மேம்பட்டிருக்கின்றன. ஃபிக்மா நிறுவனர்களில் ஒருவரான இவான் வாலஸ் கோ மொழியில் எழுதி 2020-ல் வெளியிட்ட இஎஸ்பில்டு, பழைய கருவிகள் நிமிடக் கணக்கில் செய்ததை நொடியில் செய்தது. அதே ஆண்டு வீட் என்ற கருவியும் வந்தது. 2025 மார்ச்சில் மைக்ரோசாஃப்ட், டைப்ஸ்கிரிப்ட் மொழியின் தொகுப்பானை கோ மொழிக்கு மாற்றுவதாக அறிவித்தபோது காட்டிய கணக்கு: விஎஸ் கோடு என்ற பெரிய மென்பொருளைச் சோதிக்க 77.8 நொடி ஆனது, இப்போது 7.5 நொடி. கைதட்ட வேண்டிய சாதனைதான். ஆனால் இந்த எழுபது நொடி யாருக்கு மிச்சம்? எழுதுகிறவருக்கு. அவர் கட்டி அனுப்பும் பொட்டலத்தின் எடை இதனால் ஒரு கேபி கூடக் குறையாது. கடந்த பத்தாண்டுக் கருவிப் புரட்சியில் என் குறை இதுதான்: காத்திருப்பை எழுதுகிறவர் மேசையிலிருந்து எடுத்தார்கள், வாசிக்கிறவர் கையில் இருப்பதை அப்படியே விட்டார்கள். கருவிகள் மாறும் வேகம் வேறு ஒரு தொல்லை. ரியாக்ட் படிக்க 2016 முதல் எல்லோரும் கையில் எடுத்த கிரியேட் ரியாக்ட் ஆப், 2025 பிப்ரவரியில் ஓய்வு கொடுக்கப்பட்டது. மூன்றாம் ஆண்டில் படித்த கருவி வேலைக்குச் சேரும்போது பழசாகிவிடுகிறது. இந்த ஓட்டத்தில் எடை பார்க்க யாருக்கு நேரம்?

தமிழுக்கென்று தனிச் சுமைகளும் உண்டு. மயிலாடும்பாறை என்ற பெயரை நாம் எண்ணினால் ஏழு எழுத்து. ஜாவாஸ்கிரிப்டிடம் நீளம் கேட்டால் பதின்மூன்று என்னும். யி என்பது அதற்கு ய ஒன்று, இகரக் குறி ஒன்று. புள்ளிகூடத் தனிக் கணக்கு. அனுப்பும்போது ஒவ்வொன்றுக்கும் மூன்று பைட், ஆக 39 பைட். அதே பெயரை ஆங்கில எழுத்தில் எழுதினால் 14. படிவம் செய்தவர் ஊர்ப் பெயருக்குப் பத்து இடம் போதும் என்று முடிவு செய்திருந்தால் 'மயிலாடும்ப' என்று நிற்கும். எழுத்தைச் சரியாக எண்ணித் தரும் வசதி பிரவுசர்களில் வந்துவிட்டது. பயன்படுத்துவோர் குறைவு.

பைட் அதிகம் என்பது அவ்வளவு பெரிய கவலை இல்லை. சுருக்கும்போது பெரும்பகுதி ஈடாகிவிடும். சுருக்கும் முறையில்தான் ஒரு வேடிக்கை இருக்கிறது. கூகுள் உருவாக்கி இன்று எங்கும் பரவியிருக்கும் பிராட்லி முறைக்குள் ஒரு அகராதி பதிந்திருக்கிறது. அடிக்கடி வரும் சொற்கள் அதில் முன்பே இருப்பதால் அவற்றை அனுப்ப வேண்டாம், இடத்தைச் சுட்டினால் போதும். ஆங்கிலம், ஸ்பானிஷ், சீனம், ரஷ்யம், அரபு, இந்திச் சொற்கள் அதில் உண்டு. தமிழ் இல்லை. பெரிய பக்கங்களில் இது பொருட்டே இல்லை. சிறிய பக்கங்களில் லேசாகத் தெரியும்.

எழுத்துரு இதைவிடப் பெரிய விஷயம். அழகான தமிழ் எழுத்துரு ஒன்றை இறக்கச் சொன்னால், அது வரும்வரை பல பிரவுசர்கள் மூன்று நொடி வரை எழுத்தையே காட்டாமல் வைத்திருக்கும். பக்கம் வந்திருக்கும், படிக்க ஒன்றும் இருக்காது. போனில் இருக்கும் எழுத்துருவில் முதலில் காட்டிவிட்டுப் பிறகு மாற்று என்று ஒரே வரியில் சொல்லிவிடலாம். எழுத்துருவின் எடையைக் குறைக்கத் தேவையற்ற வடிவங்களை வெட்டுவதும் வழக்கம். ஆங்கிலத்தை மனதில் வைத்துக் கண்ணை மூடிக்கொண்டு வெட்டினால், க-வும் உகரமும் சேர்ந்து 'கு' ஆகும் விதி எழுதியிருக்கும் அட்டவணையும் போய்விடும். பிறகு திரையில் உகரக் குறி தனியாகத் தொங்கும்.

இவ்வளவும் நடக்கிறது என்றால் அளந்து பார்ப்பவர்களுக்குத் தெரியாதா? அளவீட்டிலேயே ஒரு பொறி இருக்கிறது. கிறிஸ் சகரியாஸ் என்ற பொறியாளர் 2009-ஐ ஒட்டி யூடியூபில் இருந்தார். வீடியோப் பக்கத்தின் எடை அப்போது 1.2 எம்பி. அதை 98 கேபிக்கு இறக்கினார். வெளியிட்டுவிட்டு எண்ணைப் பார்த்தால், பக்கம் திறக்கும் சராசரி நேரம் கூடியிருந்தது! தலையைப் பிய்த்துக்கொண்டபின், பார்வையாளர்களை நாடுவாரியாகப் பிரித்ததும் விடை கிடைத்தது. தென்கிழக்கு ஆசியா, ஆப்பிரிக்கா, தென் அமெரிக்கா, சைபீரியா என்று முன்பு யாருமே எட்டிப் பார்க்காத இடங்களிலிருந்து ஆட்கள் வரத் தொடங்கியிருந்தார்கள். பழைய பக்கம் அவர்களுக்குத் திறக்க இருபது நிமிடம் ஆகியிருக்கும், அதனால் யாரும் காத்திருக்கவில்லை. புதிய பக்கம் இரண்டு நிமிடத்தில் வந்தது. அவர்களுக்கு அது வரப்பிரசாதம். அந்த இரண்டு நிமிடங்கள் சேர்ந்து சராசரியை உயர்த்தின.

அதாவது, பக்கம் திறக்காமல் திரும்பிப் போனவர் கணக்கில் ஏறுவதே இல்லை. சென்னையில் உட்கார்ந்து அறிக்கை பார்க்கும் மேலாளருக்கு வருசநாட்டிலிருந்து யாரும் வரவில்லை என்று தெரியும். 'அங்கே நமக்கு வாடிக்கையாளர் இல்லை' என்று முடிவு கட்டுவார். கூகுளின் தர அளவீடுகளும் 75-வது விழுக்காட்டில் நிற்பவரைப் பார்த்துத்தான் சான்று தருகின்றன. முதன்மைப் பகுதி 2.5 நொடிக்குள் தெரிய வேண்டும், தொட்டால் 200 மில்லிநொடிக்குள் பதில் வர வேண்டும் என்பவை நல்ல அளவுகோல்கள். தொடுகைக்கான அளவு இந்த வடிவில் 2024 மார்ச்சில்தான் வந்தது. ஆனால் நூறு பேரில் எழுபத்தைந்து பேருக்கு நன்றாக இருந்தால் பச்சை விளக்கு. மீதி இருபத்தைந்தில் யார் இருப்பார்கள் என்பதை ஊகிக்கக் கஷ்டமில்லை.

ஜாவாஸ்கிரிப்ட் எல்லோருக்கும் போய்ச் சேரும் என்பதும் நம்பிக்கைதான். பிரிட்டன் அரசின் டிஜிட்டல் பிரிவு 2013-ல் சோதித்தது. தன் தளத்துக்கு வந்தவர்களில் 1.1 சதவீதம் பேருக்கு ஜாவாஸ்கிரிப்ட் வேலை செய்யவில்லை. அதை நிறுத்தி வைத்தவர்கள் 0.2 சதவீதம் மட்டுமே. மீதிப் பேருக்கு வந்திருக்க வேண்டும், ஆனால் வழியில் எங்கோ அறுந்தது. அது பிரிட்டன் இணைப்பில்.

இந்தியாவில் இதை அடிபட்டுக் கற்ற கதை ஒன்று இருக்கிறது. 2015-ல் ஃபிளிப்கார்ட் தன் செல்போன் தளத்தை மூடி, எல்லோரும் ஆப்புக்கு வாருங்கள் என்றது. அதன் துணை நிறுவனம் மிந்த்ரா ஒரு படி மேலே போய் மொத்தத் தளத்தையும் மூடியது. அதே ஆண்டு நவம்பரில் ஃபிளிப்கார்ட், ஃபிளிப்கார்ட் லைட் என்ற பெயரில் செல்போன் தளத்தை மறுபடி கொண்டுவந்தது. மிந்த்ராவும் 2016 ஜூனில் தளத்தை மறுபடி திறந்தது. லைட் தளத்தின் சிறப்பு, சர்வீஸ் ஒர்க்கர் என்ற வசதி. பக்கத்தின் கூடு ஒருமுறை இறங்கியதும் போனிலேயே தங்கிவிடும். சிக்னல் விட்டு விட்டு வந்தாலும் பக்கம் திறக்கும். இந்திய இணைப்பையும் இந்திய போனையும் கணக்கில் எடுத்து இங்கேயே கட்டிய தளம் அது; உலகம் முழுக்க மாநாடுகளில் எடுத்துக்காட்டாகப் பேசினார்கள். 2016 செப்டம்பரில் ஜியோ வந்தது. டேட்டா மலிவானதும், எடை பார்க்கும் பழக்கம் இங்கேயே தளர்ந்துவிட்டது. டேட்டாதான் மலிவானது, 2017-ல் 1,500 ரூபாய் முன்பணத்துக்கு ஜியோ கொடுத்த போனில் இருந்தது 512 எம்பி நினைவகமும், ஓராண்டு பழைய ஃபயர்பாக்ஸ் எந்திரமும்தான்.

பையனுக்கு நேர்ந்தது போன்ற சங்கடத்துக்குத் தீர்வு பழையது, எளியது. படிவம் ஹெச்டிஎம்எல் படிவமாகவே இருக்கட்டும். ஜாவாஸ்கிரிப்ட் வராவிட்டாலும் பொத்தானை அமுக்கினால் போகும். வந்துவிட்டால் இன்னும் வசதி. அமுக்கியதும் பொத்தான் நிறம் மாறி, "அனுப்புகிறோம்" என்று சொல்லட்டும். இரண்டாவது அமுக்கலை சர்வர் ஒதுக்கட்டும். நிரப்பியதைப் போனிலேயே சேமித்து வைத்தால், கடமலைக்குண்டு வளைவில் சிக்னல் போனாலும் முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டாம். இதில் புதுக் கண்டுபிடிப்பு எதுவும் இல்லை.

மக்களுக்கான தளங்களுக்கு டெண்டர் எழுதும் அதிகாரிகளுக்கு ஒரு வேண்டுகோள். பிரம்மாண்டமான வடிவமைப்பு, ஏழு மொழி, செயற்கை நுண்ணறிவு உதவியாளர் எல்லாம் கேளுங்கள். கூடவே மூன்று வரி சேருங்கள். முதல் பக்கத்தின் ஜாவாஸ்கிரிப்ட் 150 கேபியைத் தாண்டக் கூடாது. ஜாவாஸ்கிரிப்ட் இல்லாமலும் விண்ணப்பம் போக வேண்டும். ஒப்படைக்கும் முன், ஒப்பந்தக்காரர் ஏழாயிரம் ரூபாய் போன் ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு, மயிலாடும்பாறை பஸ் ஸ்டாப்பில் நின்று, தானே ஒரு விண்ணப்பம் போட்டுக் காட்டிவிட்டுப் பில் தொகையை வாங்கிக்கொள்ள வேண்டும்.